முதுமையில் மறதியும் நமது கடமையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)





இம்மேடையிலே சமயம், இலக்கியம், சமூகத்தொண்டு ஆகிய பொருள்கள் பற்றி அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ நம் வீடுகளின் உள்ளறைகளில் இருப்பது; வெளியே பேச நாம் கூச்சப்படுவது. முதுமையிலே சிலர்க்கு நேரும் மறதி நோய் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். வைத்தியர்கள் இதனை டிமென்சியா என்பர். நம் ஊர்களில் இதற்கு வழங்கும் பெயர் உங்களுக்குத் தெரியும். "கிழவனுக்கு அறளை பேர்ந்துவிட்டது" என்போம், சொல்லிவிட்டுச் சிரிப்போம். அந்தச் சிரிப்போடு அம்மனிதரின் கதையும் முடிந்துவிட்டதென எண்ணிக்கொள்வோம்.

அது முடிந்துவிடவில்லை என்பதே நான் சொல்ல வந்த செய்தி. இந்நோய் ஞாபகத்தின் ஒரு பகுதியையே முதலில் அழிக்கின்றது. மற்றப் பகுதிகள் நெடுங்காலம் நின்று நிலைக்கின்றன. எது போய்விட்டது, எது நிற்கின்றது என்பதை அறிந்து, நிற்பதைப் பற்றிக்கொண்டு பராமரிப்பதே நம் கடமை. அறியாதவிடத்து, அன்புள்ளவர்களாகிய நாமே அம்முதியோரை நாள்தோறும் துன்புறுத்துகின்றவர்களாவோம்.

முதலிலே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். வயது ஏற ஏற ஞாபகம் சற்று மந்தமாவது இயல்பு. பழகிய ஒருவரின் பெயர் நாவில் வராமல் நின்று, சிறிது நேரத்தின்பின் வந்துவிடும். சந்தைக்குப் போனவர் வாங்கவேண்டிய ஒன்றை மறந்து திரும்புவார். இவை நோயல்ல. ஐம்பது ஆண்டுகள் நடந்த ஒழுங்கையிலே நின்று, வீட்டுக்கு எப்பக்கம் போவதென்று தெரியாமற் கலங்குவதும், உண்டு கால்மணி நேரத்துக்குள் தமக்கு ஒருவரும் சாப்பாடு தரவில்லையென்று முறையிடுவதும், வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்தவர் கடைக்காரன் தந்த மிச்சக் காசை எண்ணமாட்டாது தவிப்பதும் நோயின் அறிகுறிகள். டிமென்சியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. மூளையைத் தாக்கும் பல நோய்களால் உண்டாகும் நிலைமையின் பொதுப்பெயர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். டிமென்சியா உடையோரில் நூற்றுக்கு 60 முதல் 70 வரையானோர்க்கு அதுவே காரணமாகலாம் என உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் வருவது இன்னொரு வகை.

அல்சைமர் என்பது ஒரு வைத்தியரின் பெயர். ஜேர்மனியிலே பிராங்க்பேர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலைக்கு, 1901 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25 ஆந் திகதி, அவுகுஸ்தே டீட்டர் என்னும் பெண்மணி கொண்டுவரப்பட்டார். அவருக்கு வயது 51. கணவர் புகையிரதப் பகுதியிலே லிகிதர். அப்பெண்மணிக்குக் கணவர்மேல் காரணமில்லாத சந்தேகம் முதலில் தோன்றியது. பின்னர் ஞாபகம் குன்றியது. பொருள்களை எடுத்து ஒளித்து வைக்கலானார். தம்மைக் கொல்ல வருகின்றார்களென்று சில வேளைகளில் அலறினார். அங்கே பணிபுரிந்த டாக்டர் அலோயிஸ் அல்சைமர் அவர் பக்கத்தில் அமர்ந்து, வினாக்களைக் கேட்டு, வந்த விடைகளை அப்படியே எழுதிவைத்தார். பெயர் என்னவென்று கேட்டபோது அவுகுஸ்தே என்றார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் அவுகுஸ்தே என்றே விடை வந்தது. பூக்கோவாவும் இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன உண்கின்றீர் என்று வினாவியபோது, கீரை என்றார். பெயரை எழுதும்படி சொன்னபோது, எழுதி முடிக்குமுன்னரே என்ன எழுதவேண்டுமென்பது மறந்துபோயிற்று. இவற்றோடு இன்னொன்றும் அந்தக் கோவையிலே பதிவாகியிருக்கின்றது. தம்மைத் தாமே இழந்துவிட்டதாக அப்பெண்மணி சொன்னார் என்பதே அது.

1906 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆந் திகதி அவர் காலமானார். அப்போது மியூனிக் நகரிலே பணியாற்றிய அல்சைமர், அவருடைய மூளையை வருவித்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே ஒருவகைப் படிவுகளையும், கலங்களுக்குள்ளே முறுக்குண்டு கிடந்த நார்களையும் கண்டார். அதே ஆண்டு நவம்பரில் வைத்தியர் கூட்டமொன்றிலே இதனை எடுத்துரைத்தார். அன்று அதனைப் பெரிதாக மதித்தவர் இலர். 1910 இல் எமில் கிரேப்பலின் என்னும் பேராசிரியர் தமது பாடநூலிலே இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். அவுகுஸ்தே அம்மையாரின் கோவை 1995 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. "அவருக்கு ஒன்றும் விளங்காது" என்று நோயாளரின் முன்னிலையிலேயே நாம் பேசுகின்றோம். ஆனால் இந்நோய் உடையவரெனப் பெயரெடுத்த முதலாமவரே, தம்மிடமிருந்து ஏதோ போய்க்கொண்டிருக்கின்றது என்பதை உணர்ந்திருந்தார். அதனை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். நம் வீட்டு முதியவரும் உணர்கின்றார். அவருடைய கோபத்தில், சந்தேகத்தில், காரணமின்றி வடிக்கும் கண்ணீரில் பெரும்பகுதி அவ்வுணர்விலிருந்து பிறக்கும் அச்சமேயாம்.

இனி, ஞாபகம் எவ்வாறு கெடுகின்றது என்பதைப் பார்ப்போம். ஞாபகம் என்று நாம் ஒரே சொல்லால் வழங்குவது உண்மையிலே பல ஆற்றல்களின் தொகுதி. இதனை உலகத்துக்கு நன்கு புலப்படுத்தியவர் ஒரு நோயாளர். அமெரிக்காவிலே ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான காக்கைவலி இருந்தது. 1953 ஆம் ஆண்டில், 27 ஆவது வயதிலே, அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் ஒரு பகுதியைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றினர். அவ்வுறுப்பு கடற்குதிரை போன்ற வடிவினது; அதன் பெயரும் அதுபற்றி வந்ததே. வலிப்புத் தணிந்தது, ஆனால் அன்றுமுதல் புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் மனத்திற் பதியவில்லை. சற்றுமுன் பேசிச் சென்றவர் திரும்பி வந்தால் புதியவராகவே வரவேற்பார். 2008 இல் இறக்கும்வரை அவர் நிலை அதுவே.

இவர் டிமென்சியா நோயாளர் அல்லர். ஆயினும் பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர் இவரிடம் கண்ட ஓர் உண்மை நமக்கு மிகவும் வேண்டியது. கண்ணாடியிலே தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவமொன்றை வரையும்படி மொலைசனுக்கு மூன்று நாட் பயிற்சி கொடுத்தார். ஒவ்வொரு நாளும் அவர் கை முந்திய நாளிலும் திருத்தமாக வரைந்தது. ஆனால் முன்னர் இதனைச் செய்தோம் என்ற நினைவு அவருக்கு இருக்கவேயில்லை! நிகழ்ச்சியை நினைக்கும் ஞாபகம் வேறு, கை பழகிய ஞாபகம் வேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

அல்சைமர் நோயிலே பொதுவாக முதலிற் பழுதடைவது ஹிப்போகாம்பசும் அதனை அடுத்த பகுதிகளுமே. ஆகையால் இன்று காலை நடந்தது பதியாது. எழுபது ஆண்டுக்கு முன் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியாரின் பெயர் நிற்கும். புதியன முன்னே போகும், பழையன பின்னே போகும் என்னும் இவ்வொழுங்கைத் தியோடுல் ரிபோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1881 இலேயே எடுத்துக் காட்டினார். "பழைய கதையெல்லாம் சொல்லத் தெரிகின்றது, காலையிற் சாப்பிட்டது மாத்திரம் தெரியவில்லையா? இது நடிப்பு!" என்று கோபிக்கின்ற உறவினர் பலர். அது நடிப்பன்று. நோயின் இயல்பே அது.

மொழியிலும் இத்தகைய நிலை பலரிடம் காணப்படுகின்றது. பின்னாளிற் கற்ற மொழி முன்னே தளர, தாய்மொழியே மிஞ்சுகின்றது. 1983 க்குப் பின்னர் கனடா, இங்கிலாந்து முதலிய தேசங்களுக்குச் சென்று அங்கே மூப்படைந்த நம்மவர்க்கு இதனால் வரும் இடர் பெரிது. அந்நாட்டு மொழியிலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பராமரிப்பு இல்லத்திலே தமிழில் தண்ணீர் கேட்கின்றார், தாதிக்கு விளங்குவதில்லை.

என் தந்தையாரின் தாயார், எங்கள் அப்பாச்சி, ஆறு ஆண்டுகள் இந்நோயோடு எங்கள் வீட்டில் வாழ்ந்தார். இறுதி ஆண்டுகளில் என்னை என் சிறிய தகப்பனார் என்றே அழைப்பார். ஆனால் நந்தியாவட்டைப் பூவையும் நாரையும் மடியிலே வைத்தால், விரல்கள் தாமாகவே சரம் தொடுக்கும். சிறுவயதிற் பாடமாக்கிய தேவாரத்தை ஒருவர் எடுத்துக் கொடுத்தால் கடைசி அடிவரை பிழையின்றிப் பாடுவார். பாடி முடித்ததும், தாம் பாடியது அவருக்கு நினைவிராது. ஆனால் முகத்திலே இருந்த அமைதி அன்று மாலைவரை நிற்கும்.

அந்த அமைதி எங்கள் கற்பனையன்று. 2014 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அல்சைமர் நோயாளர் 17 பேருக்கும் நோயற்றோர் 17 பேருக்கும் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டினர். சிறிது நேரத்தின்பின் நோயாளர்கள் படத்திற் கண்டவற்றில் மிகச் சிலவற்றையே நினைவு கூர்ந்தனர். ஆயினும் படம் எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அவர்களை விட்டு நீங்கவில்லை; அரைமணி நேரம் வரையும் நீடித்தன. அது மாத்திரமன்று. படத்தை எவர் குறைவாக நினைவு கூர்ந்தாரோ, அவரிடம் துயரம் கூடிய நேரம் தங்கியது. ஏன் துக்கப்படுகின்றோம் என்ற காரணம் தெரியாமலே துக்கம் மாத்திரம் தங்கிவிடுகின்றது.

அன்பர்களே, இதன் பொருளை ஆழ்ந்து சிந்தியுங்கள். "ஏசினாலும் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்" என்கின்றோமே, ஏசியதை அவர் மறப்பார். ஏச்சினால் வந்த வலியை மறவார். அதே நியாயப்படி, நாம் ஓர் அரைமணி நேரம் அருகிருந்து கைபிடித்துப் பேசியதையும் அவர் மறப்பார். அதனால் வந்த இன்பம் அவரை விட்டு உடனே அகலாது. "நான் போய்ப் பார்த்து என்ன பயன்? வந்ததே அவருக்கு நினைவிராதே" என்று கூறுவோர்க்கு இதுவே விடை.

இவ்வுண்மைகளை வைத்துக்கொண்டு, பராமரிப்பு எவ்வாறு அமையவேண்டுமென்று சில சொல்லுவேன்.

முதலாவது, முதியவர்க்குப் பரீட்சை வைப்பதை நாம் நிறுத்தவேண்டும். பார்க்க வருகின்ற உறவினர் கட்டில் அருகே நின்று, "என்னைத் தெரியுதோ? நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்!" என்கின்றனர். அவர் விழிக்கின்றார். "ஐயோ, என்னையும் தெரியேல்லை!" என்று சுற்றி நிற்போர் சொல்லுகின்றனர். அடுத்தவர் வந்து அதே வினாவைக் கேட்கின்றார். அல்சைமர் அன்று வினாவியது நோயை அறிவதற்காக. நாம் வினாவுவது எதற்காக? பரீட்சையிலே தோல்வியுறும் வேதனை என்னவென்று மாணவராகிய நமக்குத் தெரியும். அதனை ஒரு நாளில் நான்கு முறை, அதுவும் பலர் முன்னிலையில், எண்பது வயது மனிதருக்குக் கொடுக்கலாமோ? போனவுடன் நாமே பெயரைச் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? "அப்பு, நான் உங்கட தங்கச்சியின்ரை பேரன் வந்திருக்கிறன்" என்றால் போதும்.

இரண்டாவது, வாதிட்டுத் திருத்த முயலுதல் பயனற்றது. இறந்துபோன கணவரை, போரிலே இழந்த மகனை, "எங்கே, இன்னும் வரவில்லையே" என்று ஒரு தாய் கேட்கின்றார். அவர் இறந்துவிட்டார் என்று சொன்னால், அச்செய்தியை அவர் அன்றுதான் முதன்முறை கேட்கின்றார்; அன்றே செத்த வீட்டுத் துயரை அனுபவிக்கின்றார். மறுநாள் மறந்து மீண்டும் கேட்பார். நாள்தோறும் ஒரு மரணச் செய்தியைக் கொடுப்பது நியாயமாகாது. அப்படியானால் பொய் சொல்லலாமோ என்று நம் சங்கத்து நண்பர்கள் கேட்கலாம். பொய்யும் வேண்டாம், தாக்கும் மெய்யும் வேண்டாம். அவ்வினாவுக்குப் பின்னாலே இருப்பது ஏக்கம். அந்த ஏக்கத்துக்கே விடை கொடுக்கலாம். "மகனைப் பார்க்க ஆசையாயிருக்கோ அம்மா? அவர் சின்னனிலே எப்படியிருந்தவர், சொல்லுங்கோ" என்று கேட்டால், பழைய நினைவு அவரைத் தாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, "வீட்டுக்குப் போகவேண்டும்" என்னும் வார்த்தை. தம் சொந்த வீட்டிலே இருந்துகொண்டே, மாலைப்பொழுதிலே, வீட்டுக்குப் போகவேண்டுமென்று படலையை நோக்கி நடப்பவர் பலர். அவர் தேடுவது சிறுவயது வீடாக இருக்கலாம். பாதுகாப்பான ஓரிடமாக இருக்கலாம். நம் முதியோரிற் பலர் போர்க்காலத்திலே பலமுறை இடம்பெயர்ந்தவர்கள். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியிலே யாழ்ப்பாணத்தை விட்டு மழையிலே நடந்தவர்களுக்கு அந்த இரவு மீண்டும் வரக்கூடும்; மூட்டை கட்டச் சொல்லுவார்கள். அவர்களிடம் தர்க்கம் செய்யாமல், கூடச் சிறிது தூரம் நடந்து, பேச்சுக் கொடுத்துத் திரும்பி அழைத்து வருதல் நலம். அவ்வாறு தனியே வெளிக்கிடுவோர்க்காகச் சட்டைப்பையிலே பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி வைத்தல் வேண்டும். கிணற்றுக்குக் கட்டும் மூடியும், அடுப்படியிலே நெருப்புக் காவலும், இரவிலே ஒரு சிறு விளக்கும் இன்றியமையாதன.

நான்காவது, நிலைத்து நிற்கும் ஆற்றலுக்கு வேலை கொடுத்தல். கீரை ஆய்தல், வெங்காயம் உரித்தல், துணி மடித்தல், பூத்தொடுத்தல் முதலிய கைப்பழக்கங்கள் நெடுங்காலம் நிற்கும். வேலை திருத்தமாய் அமையவேண்டுமென்பதில்லை. தாம் ஒருவர்க்குப் பயன்படுகின்றோம் என்னும் உணர்வே மருந்து. எழும் நேரம், குளிக்கும் நேரம், உண்ணும் நேரம் ஆகியவை நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைதல் நன்று. ஒருமுறையில் ஒரு செய்தியையே, முகத்துக்கு நேரே, ஆறுதலாகச் சொல்லவேண்டும். நோய் முற்றிய காலத்திலே தம் நோவை அவராற் சொல்லவியலாது. திடீரென முரண்டு பிடித்தால், பல்வலியோ மலச்சிக்கலோ உண்டோ என்று பார்த்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மறதி கண்டவுடன் "வயது போய்விட்டது" என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். மாற்றத்தக்க காரணங்கள் சில உண்டு. தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, உட்கொள்ளும் சில மருந்துகள், விழுந்தபின் தலைக்குள் உறைந்த இரத்தம் முதலியன இந்நோய் போலத் தோன்றும். பி12 என்னும் விற்றமின் குறைவும் அத்தகையது. அது மரக்கறியிலே இயல்பாகக் கிடைப்பதில்லை. பாலிலே ஓரளவு உண்டு. ஆகவே நெடுங்காலம் சைவ உணவே உண்டு, முதுமையிற் பாலையும் குறைத்துக்கொண்டவர்க்கு இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தல் நலம். மேலும், நேற்றுவரை தெளிவாயிருந்தவர் ஒரு நாளிலே தடுமாறினால் அது டிமென்சியா அன்று. சலக்கிருமியாலோ காய்ச்சலாலோ வரும் மயக்கமாகலாம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

அல்சைமர் நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. சில மருந்துகள் அறிகுறிகளைச் சிறிது தணிக்கும். 2023 இல் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெக்கனமாப் என்னும் மருந்து, ஆரம்ப நிலையிலுள்ளோர்க்கு நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றது. மூளையிலே வீக்கமும் இரத்தக்கசிவும் உண்டாக்கவுங் கூடும். தடுத்துக்கொள்ளும் வழிகளோ உண்டு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், மது, கேள்விக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, தனிமை முதலாகப் 14 காரணங்களை நீக்கினால், உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு டிமென்சியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செற் சஞ்சிகையின் அறிஞர் குழு 2024 இல் அறிவித்தது. காது கேளாத தாத்தாவுக்குச் செவிக்கருவி வாங்கிக் கொடுப்பதும் மூளையைக் காக்கும் வைத்தியமே.

இறுதியாக, நோயாளரைப் பராமரிப்பவரைப் பற்றிச் சொல்லவேண்டும். உலகிலே 2021 ஆம் ஆண்டில் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நிலையில் இருந்தனர். குடும்பத்தார் முதலியோர் கூலியின்றிச் செய்யும் பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது என உலக சுகாதார தாபனம் கணித்துள்ளது. நம் நாட்டிலே ராகமைப் பகுதியில் நடந்து 2003 இல் வெளியான ஆய்விலே, 65 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேருக்கு டிமென்சியா காணப்பட்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் சனத்தொகையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இன்று அத்தொகை மேலும் பெருகியுள்ளது. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட வீடுகளிலே, எழுபது வயது மனைவி எண்பது வயதுக் கணவரைத் தூக்கி நிறுத்துகின்றார்.

எங்கள் வீட்டிலே அப்பாச்சியைப் பார்த்தவர் என் தாயார்; அதாவது, மருமகள். இரவிலே நான்கு முறை எழும்புவார். நான்கு ஆண்டுகளாக அவர் ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை; கோயிற் திருவிழாவுக்குப் போனது அயலவர் ஒருவர் வந்து காவலிருந்த ஒரே ஒரு மாலையில். வந்தவர்களெல்லாரும் அப்பாச்சியின் சுகத்தைக் கேட்டனர். "நீ நித்திரை கொண்டாயா, பிள்ளை?" என்று அம்மாவைக் கேட்டவர் அந்த அயலவர் ஒருவரே.

முதியோரின் உரிமைகளைக் காக்க 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. பெற்றோரைப் பராமரித்தலும், வேண்டுமென்றே அவர்களைக் கைவிடாதிருத்தலும் பிள்ளைகளின் கடமை என்று அது விதிக்கின்றது. ஆனால் கைவிடாதிருப்பவர் களைத்து விழும்போது தாங்குவதற்கு அயலார் வேண்டும். யப்பான் தேசத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். அவர்களிடத்தும் இந்நோய்க்கு நம் "அறளை" போன்றதோர் இழிவான பெயரே வழங்கிற்று. 2004 இல் அரசாங்கமே அப்பெயரை நீக்கி, அறிவாற்றற் குறைபாடு என்னும் கருத்துள்ள வேறு பெயரைச் சூட்டியது. மறு ஆண்டு, சாதாரண மக்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பாடம் நடத்தி, மறதி நோயாளர்க்கு உதவுவோராக அவர்களைப் பழக்கும் இயக்கம் தொடங்கிற்று. கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளி மாணவர் எனப் பயின்றோர் தொகை இன்று ஒரு கோடிக்கும் மேல். வழி தப்பி நிற்கும் முதியவரைக் கண்டால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியும். நம் நாட்டிலும் 2001 முதலாகக் கொழும்பிலே லங்கா அல்சைமர் மன்றம் என்னும் தாபனம் இத்துறையிலே தொண்டாற்றி வருகின்றது.

நமது சங்கத்திலே வாலிபர் பலர் இருக்கின்றோம். விளையாட்டுப் போட்டிக்கும் சரமதானத்துக்கும் நேரங் காண்கின்ற நாம், வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு வீட்டுக்கு ஒருவராகப் போனால் என்ன? முதலில் தகுந்த வைத்தியர் ஒருவரை அழைத்து நமக்கு ஒரு நாட் பயிற்சி பெற்றுக்கொள்வோம். பின்னர் நம் அயலிலே இத்தகைய முதியோர் உள்ள வீடுகளை அடக்கமாக விசாரித்து அறிவோம். ஒருவர் முதியவரோடு இருந்து பத்திரிகை வாசிக்கட்டும், பழைய பாட்டைப் பாடட்டும், முற்றத்திலே உலாவட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவ்வீட்டுத் தாய் கோயிலுக்குப் போகலாம். அல்லது கதவைச் சாத்திக்கொண்டு நித்திரை கொள்ளலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரே முதியவரிடம் எப்போதும் ஒருவரே செல்லவேண்டுமென்பது மாத்திரம் விதி. முகம் பழகினால், பெயர் தெரியாவிட்டாலும் அச்சம் நீங்கும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மறதி தோன்றத் தொடங்கினால் மறைக்காதீர்கள். தெளிவுள்ள காலத்திலேயே, எந்த வீட்டில் இருக்க விருப்பம், எது பிடிக்கும், எந்தப் பாட்டுக் கேட்கவேண்டும், காணி பூமிகளை எவ்வாறு செய்யவேண்டும் என்பவற்றைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். பிற்காலத்திலே உங்கள் சார்பில் உங்களை நினைவு வைத்திருக்க அது எங்களுக்கு உதவும்.

அவர்கள் நம்மை மறக்கலாம். நாம் அவர்களை மறவாதிருக்க நமக்கு ஒரு நோயும் தடையில்லை. வருகின்ற மாதக் கூட்டத்திலே, வாரத்தில் இரண்டு மணி நேரம் தர இசைவோர் பெயர்களைச் செயலாளர் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டுமெனத் தலைவர் அவர்களைக் கேட்டு, முதற் பெயராக என் பெயரைக் கொடுத்து அமைகின்றேன்.